மத்தியான டிரிப்புக்கு வைத்த மொய்

ரெட்டியார்சத்திரம் பக்கம் போய்வரும் டவுன் பஸ் ஒன்றில் ஒரு பெண்மணி காலையில் ஏறினால் பொழுது சாயும்வரை இறங்குவதே இல்லை என்று, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பீர் முகமதுவின் டீக்கடையில் ஒரு வாரமாகப் பேச்சு. திங்கட்கிழமை அவர் சும்மா உட்கார்ந்து வந்தார். புதன்கிழமை சீட்டில் இருந்தபடியே மொச்சை உரித்தார். வெள்ளிக்கிழமைக்குள் பின்சீட்டில் பாய் விரித்துவிட்டார். சனிக்கிழமை, ரேஷன் கார்டை அந்த பஸ் நம்பருக்கே மாற்றித் தரும்படி அவர் மனு கொடுத்திருப்பதாகத் தினமும் கடைக்கு வரும் கண்ணுசாமி சொன்னார்.

“ஓசின்னா இப்படித்தான் அப்பு” என்றவர், கடைப் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை வண்டியில் ஏறிப் பார்த்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதற்கு அடையாளமாக முகத்தில் ரோஸ் கலர் பூசிய வண்டி. உள்ளே முப்பத்தேழு பெண்கள், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய மூன்று ஆண்கள். காசு கொடுத்த மூவரும் நின்றுகொண்டிருந்தோம்.

அந்தப் பெண்மணியின் பெயர் முத்துப்பேச்சி. நாற்பத்தாறு வயது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊத்துக்கரடு என்ற ஊர். அரை ஏக்கரில் மல்லிகை. பாய் இல்லை. மடியில் மொச்சை இருந்தது.

“நாள் பூரா பஸ்ஸுலயே இருக்கீங்களாமே?”

“யாரு சொன்னது? பதினோரு நாளுதான் அப்படி இருந்தேன். இப்ப முறை வச்சுப் போறோம். இன்னிக்கு என் முறை.”

வதந்தியில் கால்வாசி உண்மை இருந்துவிட்டால் அதற்கு மேல் விசாரிக்காமல் எழுதிவிடுவதுதான் எங்கள் பத்திரிகைத் தொழில் தர்மம். ஆனால் பஸ் ஊர் போய்ச் சேர ஒரு மணி நேரம் இருந்தது.

ஊத்துக்கரட்டுக்கு இது ஒன்றுதான் பஸ். இரவு ஊரிலேயே தங்கி விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பும். அதில் ஏறினால் ஆறரைக்குப் பூ மார்க்கெட். மல்லிகை மொட்டாகவே விலை போகும். இதை விட்டால் நாலு மைல் நடந்து மெயின் ரோட்டில் எட்டு மணி பஸ்தான். அதற்குள் மொட்டு வாயைத் திறந்துவிடும். வியாபாரி சொல்லும் விலைக்கு முத்துப்பேச்சி வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

காலை வண்டி நிறையும். மத்தியான டிரிப்புதான் காற்று வாங்கும். ஆடி மாதம் கண்டக்டர் ஆனந்த்ராஜ் சேதி கொண்டுவந்தார்.

“அக்கா, மூணு மாசம் தலை எண்ணப் போறாங்க. மத்தியான டிரிப்புல முப்பது பேர் இல்லைன்னா வண்டியையே வேற ரூட்டுக்கு மாத்திருவாங்க. காலை டிரிப்பும் சேந்து போயிரும்.”

“தலைதான வேணும்?” என்று கேட்ட முத்துப்பேச்சி, மறுநாள் முதல் தன் தலையை ஏற்றினார். போனார், வந்தார், மறுபடி போனார். ஒரு தலையை எத்தனை தடவை ஏற்றினாலும் டிரிப்புக்கு ஒன்றுதான் என்பது புரியப் பதினோரு நாள் ஆயிற்று. பிறகு தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டார். சும்மா வா என்றால் யார் வருவார்கள்? “மொய்யா நெனச்சு வாங்கடி” என்றார்.

மொய்யென்றால் அந்தப் பக்கத்தில் மறுபேச்சில்லை. தெருவுக்கு ஒரு நாள் முறை. முறை நாளில் ஒருத்தியால் போக முடியாவிட்டால் அவளுக்காக இன்னொருத்தி போவாள். திருப்பும்போது மொய்யைக் கூட்டித்தானே வைக்க வேண்டும்? ஒன்றுக்கு இரண்டு தடவை, இரண்டுக்கு நாலு. புரட்டாசியில் மத்தியான டிரிப்பில் படியில் தொங்கினார்கள். வந்ததுதான் வந்தோம் என்று சுகன்யா தையல் கிளாசில் சேர்ந்தாள். ஒன்பது வருடமாகத் தள்ளிப்போட்ட கண் பரிசோதனையை ஐரின் முடித்தாள்.

“இது ஏமாத்து இல்லையா?” என்றேன்.

“நெசமா ஏறித்தான போனோம்? காலியாப் போனா நட்டம்ங்கிறீக, நெறஞ்சு போனா ஓசிங்கிறீக. பாதி வண்டிக்குப் பாதிப் பொம்பளையா ஏறச் சொல்றீகளா?”

எண்ணிக்கையைப் பார்த்த டிப்போவுக்கும் சந்தேகம். ஐப்பசியில் ஒரு அதிகாரி நேரில் எண்ண வருவதாக, அன்று காலை பத்து மணிக்கு ஆனந்த்ராஜ் போனில் சொன்னார். அன்றைக்கென்று பாதி ஊர் சின்னாளப்பட்டிக் கல்யாணத்துக்கு நிஜ மொய் வைக்கப் போயிருந்தது. மிச்சம் இருந்தது சர்ச் தெரு. செபாஸ்தியம்மாள் ஏறினால் அந்தத் தெருவே ஏறும். ஆனால் செபாஸ்தியம்மாளுக்கு பஸ் வாடையே ஆகாது. எங்கும் நடைதான்.

“மதினி, ஒரே ஒரு தடவை ஏறு.”

“ஏறுனா வாந்தி எடுப்பேன்டி.”

“எடு. வாந்தி எடுத்தாலும் தலை தலைதான்.”

எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் ஏறினார். பின்னாலேயே சர்ச் தெரு ஏறியது. ரெட்டியார்சத்திரம் வருமுன்பே ஜன்னலுக்கு வெளியே நீண்டுவிட்ட அந்தத் தலையையும் சேர்த்து அதிகாரி எண்ணினார். முப்பத்தொன்று. வண்டி தப்பியது.

“அப்பறம் எதுக்கு இன்னும் போறீங்க?”

“வாங்குன மொய்யைத் திருப்ப வேண்டாமா?” என்றார், நான் ஏதோ முறைகெட்டதைக் கேட்டுவிட்டதைப் போல. “எல்லாருக்கும் செஞ்சுக்கிட்டுதான் வாரேன். மதினிக்குத்தான் நிக்குது. ‘எனக்காக நீ பஸ்ஸுல போயி எனக்கென்ன? ஞாயித்துக்கெழம மெயின் ரோட்டு மாதா கோயிலுக்கு என்கூட நட’ங்கிறா. நாலு மைலு. போக ஒண்ணு, வர ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்புனதா ஆயிருமாம். இந்த பஸ் ஓசியானதுலருந்து எனக்கு நடையே மறந்துபோச்சு.”

வண்டி ஊத்துக்கரட்டு விலக்கில் திரும்பியது. முன்னால் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் பூசை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். முத்துப்பேச்சி மொச்சைப் பையோடு சீட்டுக்கடியில் குனிந்தார். டிரைவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தார். குடைக்காரம்மாள் ஜன்னல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

“பாத்துட்டாளா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“பார்த்துட்டாங்க.”

“வர்ற ஞாயித்துக்கெழம கண்டிப்பா நடக்குறேன்.”

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே இடத்தில், இதே சீட்டுக்கடியிலிருந்து இதையே சொன்னதாக ஆனந்த்ராஜ் சொன்னார்.