அக்காவோடு எட்டு ரவுண்டு

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினொன்று. நாங்கள் இரண்டு பேருமே அதுவரை ரயிலில் ஏறியதில்லை. எங்கள் ஊரான குன்னத்தில் பஸ் உண்டு, ரயில் கிடையாது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அடுத்த வாரம் ரயிலில் திருச்சி போவதாகவும், எங்களில் ஒருவரைக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். ஒருவரைத்தான். அரியலூர் ஸ்டேஷன் வரை அவருடைய மொபெட்டில் போகவேண்டும். இரண்டு பேருக்கு மேல் ஏறினால் அது நின்றுவிடும்.

யார் போவது என்று முடிவாவதற்குள் வழக்கம்போலக் குத்துச்சண்டைப் பேச்சு வந்துவிட்டது.

குத்துச்சண்டையில் உலகத்திலேயே பெரிய வெற்றி எது? அப்பாவும் மாமாவும் சேர்ந்தால் இந்த ஒரு கேள்விதான். மாமா ஆலையில் இருந்த டிவியில் பார்த்தவர். அப்பா சலூனில் கிடந்த பழைய பத்திரிகைகளில் படித்தவர். நேரில் இரண்டு பேரும் ஒரு கொசுவைத் தவிர எதையும் அடித்ததில்லை.

அப்பாவின் வீரர் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஏழு ரவுண்டு அடி வாங்கினாராம். எதிராளிக்குக் கை சலித்ததும் எட்டாவது ரவுண்டில் ஆளைச் சாய்த்துவிட்டாராம். மாமாவின் வீரர் தோற்றுப்போவார் என்று எல்லோரும் எழுதிவைத்த ஆள். அவர் கீழே விழுந்து, பத்து எண்ணுவதற்குள் எழுந்து, யாராலும் வீழ்த்தமுடியாதவரை வீழ்த்தினாராம்.

“சாஞ்சுகிட்டு அடி வாங்குறதெல்லாம் ஒரு வெற்றியா மச்சான்?”

“அது மூளையால ஜெயிச்சது மாப்ள. ஒன் ஆளு தூங்கி எந்திரிச்சு ஜெயிச்சவன்.”

“வாயாலயே குத்திக்கிறீங்களே, எப்பதான் ஒரு முடிவுக்கு வருவீங்க? சோறு ஆறுது” என்றாள் அம்மா.

மாமாவுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றிவிட்டது. “சரி, புள்ளைங்கள எறக்கிப் பாத்துருவோம். தம்பி ஒங்க ஆளு, பாப்பா எங்க ஆளு. ஜெயிச்சவங்களுக்கு ரயிலு.”

இதைப் படிக்கும் பிள்ளைகள் யாரும் செய்து பார்க்கவேண்டாம்.

வேப்பமரம், கிணற்றடிக் கல்தூண், மாமாவின் மொபெட் என்று கயிறு கட்ட மூன்று மூலை கிடைத்தது. நான்காவது மூலையில் அப்பாவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாதான் நடுவர். அம்மா பத்துச் சின்ன வெங்காயம் உரித்தால் ஒரு ரவுண்டு. பள்ளிக்கூடத்துக் காலுறைக்குள் பருத்தியைத் திணித்துக் கையில் மாட்டிவிட்டார்கள். வீட்டில் குவிந்து கிடந்தது கொட்டை எடுக்காத பருத்தி என்பது, அதை விளைவித்த அப்பாவுக்கே அந்த அவசரத்தில் நினைவில்லை. முதல் குத்து என் காதில் இறங்கியபோது கூழாங்கல் மூட்டை மோதியதுபோல இருந்தது.

“சாஞ்சுக்க! சாஞ்சுகிட்டே இரு!” என்றார் அப்பா.

சாய்ந்துகொண்டேன். அக்கா உற்சாகமாகக் குத்தினாள். நான் அவளுடைய பென்சில் டப்பாவை உடைத்தது, ஊறுகாய் திருடி அவள்மேல் பழிபோட்டது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குத்தினாள். ஐந்தாவது ரவுண்டில் என் உதடு வடைபோல வீங்கிவிட்டது.

“போதும், நிறுத்துங்க” என்றாள் அம்மா.

“இன்னும் மூணு ரவுண்டுதான். அவளுக்குக் கை சலிக்கப் போவுது பாரு” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அம்மா வெங்காயத்தைப் படுவேகமாக உரித்தாள். ஏழு ரவுண்டும் முடிந்தன. எட்டாவது ரவுண்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினேன். அது அக்காவின் தோளில் பட்டது. அவள் தடுமாறி மண்ணில் விழுந்தாள்.

“ஒன்னு…” என்று மாமா ஆரம்பித்தார். “ரெண்டு…”

“என்ன மாப்ள, சாமி கும்புடுறியா? வெரசா எண்ணு!”

“மனுசன் மூச்சு விட வேணாமா மச்சான்? மூணு… எந்திரி கண்ணு, நம்ம ஆளு எந்திரிச்ச எடமே இதுதான்! நாலு…”

எட்டு என்னும்போது அக்கா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ரயிலு… ரயிலு…” என்று தேம்பிக்கொண்டிருந்தேன்.  அக்கா தலையை மறுபடி மண்ணில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது. பத்து.

அப்பா கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். கயிறு தளர்ந்து மொபெட் சாய்ந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ரயிலில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. இன்னும் வீக்கம் முழுசாக வற்றாத உதட்டோடு அந்தப் பெட்டியில் இருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனேன்: “ஒரே குத்துதான். அக்கா எந்திரிக்கப் பாத்தா. நான் மொறச்சேன், பயந்து மறுபடி படுத்துட்டா.”

 மாமா, பொம்மை விற்க வந்தவரிடம் சாவி கொடுத்தால் ஓடும் சின்ன ரயில் ஒன்றை வாங்கிப் பைக்குள் வைத்தார். நான் கையை நீட்டினேன்.

“தொடாத. இது ஒங்க அக்காவுக்கு.”

தோற்றுப்போனவளுக்கு எதற்குப் பரிசு என்று திருச்சி வரும்வரை நான் மாமாவோடு பேசவேயில்லை.