தோளுக்கேற்ற தோட்டா

என் தங்கை மார்லின், யாரும் எதிர்பாராத மூன்றை வென்றவள். தோள் முறிந்த பிறகும் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையைத் திரும்பப் பெற்றாள். தேவாலயப் போட்டியில் பாதிரியார் மனைவியின் ஆப்பிள் பணியாரத்தைத் தோற்கடித்தாள். மூன்றாவது, எங்கள் வேட்டைக் குடிசைச் சுவரில் ஓர் இடம். மான் வீழ்த்தியவர் மட்டுமே அங்கே கையெழுத்திடலாம்.

ஐந்து வேட்டைப் பருவங்களாக அவள் குறி தவறியது. செப்டம்பரில் மணல்குழியில் சுடப் பயிற்சி செய்தபோது, வெடிமருந்தில்லாத ஒரு தோட்டாவை அவளுக்குத் தெரியாமல் கலந்து வைத்தேன். அது வெடிக்கவில்லை. ஆனாலும் துப்பாக்கிக் குழல் சட்டென்று கீழே குனிந்தது.

“பாத்தியா? துப்பாக்கி தோள்ல உதைக்குமேன்னு முன்னாடியே பயப்படுற.”

“சரிக்கா, ஒத்துக்கிறேன். தோள் இன்னும் வலிக்குது.”

அன்று முதல், உதை குறையும்படி தன் தோட்டாக்களைத் தானே செய்தாள். எடை குறைந்த குண்டு. தோட்டா செய்யும் கையேட்டில் உள்ளதிலேயே குறைந்த வெடிமருந்து, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து. புதுத் தோட்டாக்களுக்கேற்பக் குறிநோக்கியையும் திருத்தினாள். அவற்றின் வேகம் குறைவு என்பதால், நூறு கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

பெரியப்பா மகன் ரெய்னோ சிரித்தான். “என்ன மார்லின், அணில் வேட்டையா?”

“போன வருஷம் நீ சுட்டது மரத்த. மரத்துக்குத்தான் பெரிய தோட்டா வேணும்.”

பருவத்தின் முதல் காலை, அறுபது கஜத்தில் ஒரு கலைமான் நின்றது. குழல் குனியவில்லை. மான் சில அடி நடந்து சாய்ந்தது.

சுவருக்குப் பென்சில் எடுத்துக் கொடுத்தவன் ரெய்னோதான். அவள் நிதானமாக எழுதினாள்: மார்லின் ரூவோனா, நவம்பர் 15, 1994.