மூன்றாவது பொட்டு

டிராக்டர் பணிமனையில் என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு முன்பே, யாரால் ஒழுகுகிறது என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆலங்குடி சாலையில் இருக்கும் எங்கள் பணிமனையில் எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், அந்த ஆறு மாதத்தை வீட்டில் என்னைவிடக் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கப்பலில் வந்த குப்பை

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. தலைமை மெக்கானிக் ராசு அண்ணன் சொல்லிக் கேட்டது. கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கருப்பையா, குவைத்திலிருந்து திரும்பியதும் பழைய ஜப்பான் டிராக்டர் ஒன்றை வாங்கினார். தென்னை வரிசைக்குள் நுழைகிற குட்டி வண்டி. கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுகிற வேலை அதில் இல்லை. ஆயிலின் அழுத்தமே சக்கரத்தைச் சுற்றும். மிதியை முன்னால் அழுத்தினால் முன்னால் போகும், பின்னால் அழுத்தினால் பின்னால். ஹைட்ரோஸ்டாடிக் என்பார்கள்.

நான் சேர்வதற்கு முன்பே அது ஒரு முறை எங்களிடம் வந்திருக்கிறது. வரும்போதே பின் அச்சில் ஆயில் ஒழுகியதாம், ராசு அண்ணன் சரிசெய்து அனுப்பினாராம். அந்த மாதிரி வண்டியை அவர் அதுவரை தொட்டதே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: "கப்பல்ல ஏத்துறப்பவே ஒழுகியிருக்கும் தம்பி. குப்பையை வாங்கிட்டு வந்து நம்ம தலையில கட்டுறாய்ங்க."

பட்டதாரியின் முதல் வேலை

வண்டி மறுபடி வந்தபோது என்னிடம் கொடுத்தார்கள். ஒழுகிய பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி, அச்சில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மாற்றினேன். அச்சில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் நாலு தடவை தடவிப் பார்த்தேன். ஆயில் அளவை இரண்டு முறை பார்த்தேன். பிறகு எங்கள் பணிமனையின் வழக்கம். பழுது பார்த்த வண்டி பொட்டு இல்லாமல் வாசலைத் தாண்டாது: பானட்டில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று. ஆயில் ஊற்ற மறந்து அனுப்பிய வண்டி உண்டு; பொட்டை மறந்து அனுப்பிய வண்டி இல்லை. சந்தனம் குழைத்துப் பொட்டு வைக்கும் பொறுப்பைப் பட்டம் வாங்கிய என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். கெட்டியாகக் குழைக்க வேண்டும். வழிந்தால் மேனேஜருக்குப் பிடிக்காது.

மூன்று வாரத்தில் கருப்பையா வண்டியோடு வந்து நின்றார். கோபப்படவில்லை. தரையில் விழுந்த கறையைக் காட்டினார். "போன தடவை கொண்டாந்தப்ப ஒரு சக்கரத்துலதாங்க ஒழுகிட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டுலயும் ஒழுகுது. வேலை நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

ஆளுக்கொரு நோய்

அன்று பணிமனையில் எல்லோருமே நிபுணர்கள். மேனேஜர் ஆயில் அதிகம் என்றார். உதிரிபாகங்கள் விற்பவர் ஆயில் குறைவு என்றார். ராசு அண்ணன் எதையும் கழற்றாமல் அச்சைச் சுற்றிப் பசையைப் பிதுக்கினார். அது காய்வதற்குள் டீ குடிக்கப் போய்விட்டார். நான் பசையைச் சுரண்டிவிட்டு இரண்டு சீலையும் மாற்றினேன். மறுபடியும் மூன்று பொட்டு.

பத்தாம் நாள் கருப்பையா போன் செய்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தோப்புக்கே போய்ச் சரிசெய்யும்படி சொன்னார். முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சோதனைக் காலத்தில் இன்னும் பதினொரு நாள் இருந்தது. புறப்படும்போது ராசு அண்ணன் சொன்னார்: "சர்டிபிகேட்டையும் எடுத்துட்டுப் போ தம்பி. ஒழுகுற எடத்துல வச்சு அடைச்சுப் பாரு."

தோப்பில்

வண்டி குளிர்ந்திருந்தபோது ஒரு சொட்டு இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு இரண்டு பக்கமும் கசிந்தது. அளவு பார்க்க ஆயில் கம்பியை உருவினேன். புஸ்ஸென்று காற்று சீறியது. கம்பியை வைக்காமல் விட்டேன். கசிவு குறைந்து நின்றுவிட்டது. ஆயில் சூடாகும்போது உள்ளே பெருகும் காற்றுக்கு வெளியேற வழியில்லை; அதுதான் சீலை முட்டித் தள்ளுகிறது. வழி விடுவதற்கென்றே சீட்டுக்குப் பின்னால் ஒரு குமிழ் மூடி உண்டு, ஓரமெல்லாம் ஊசித் துளைகளோடு. போய்ப் பார்த்தேன். அதன் மேல் என் பொட்டு. அதற்கடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் நான் சேர்வதற்கு முன்பே வைத்த இன்னொன்று, தூசியோடு சேர்ந்து சிமெண்ட் போல் இறுகியிருந்தது. நாலு வருடம் இயந்திரவியல் படித்தவன், வட்டமாக எது நீட்டிக்கொண்டிருந்தாலும் பொட்டு வைக்கத்தான் என்று நினைத்திருக்கிறேன்.

கருப்பையா மோட்டார் போடப் போயிருந்தார். சுரண்டி எறிந்துவிட்டு, சீல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வரும்வரை காத்திருந்து, சுரண்டியதைக் கையில் வைத்துக் காட்டி, வைத்தவன் நான்தான் என்றேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். "நல்லவேளை, மாலை போடலை தம்பி. இஞ்சினே மூச்சு முட்டிச் செத்திருக்கும்."

தூசி

துளைகளைச் சுத்தம் செய்து, கொண்டுபோன சீல்களையும் போட்டேன். மறுநாள் வேலைச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'பணிமனையில் வைத்த சந்தனம்' என்று எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். அடித்துத் திருத்தினால் நிரந்தரக் கடிதத்தை அன்றே அடிக்கச் சொல்வதாகச் சொன்னார். வீட்டை நினைத்துக்கொண்டே, மாட்டேன் என்றேன். அவர் கவனக்குறைவு என்று எழுதி, என் சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். "சந்தனம்னு எழுதுனா சாமி மேல பழி வரும் தம்பி. தூசின்னு எழுதியிருந்தா யாரு வந்து கேக்கப் போறா?"

நீட்டியதில் ஒரே நன்மை, பழைய வேலைச் சீட்டுகளை அடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்ததால் தேடிப் பார்க்க முடிந்தது: அந்தக் கப்பல் குப்பை முதல் முறை எங்களிடம் வந்தது ஃபில்டர் மாற்ற மட்டுமே, 'ஆயில் ஒழுக்கு' என்ற கட்டத்தில் ராசு அண்ணன் தன் கையாலேயே 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்.