ஜாக்கெட்டுக்கும் பேண்ட்டுக்கும் நடுவில்

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தே பழகியதாலோ என்னவோ, எங்கள் வாள்வீச்சு கிளப்பில் அவருக்கு 'பிரேக் அக்கா' என்றே பெயர். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருடைய உடுப்பையும் சோதிப்பது அவர் பொறுப்பு. மாஸ்க்கின் கம்பிவலையை அழுத்திப் பார்ப்பார். ஜிப்பை இழுத்துப் பார்ப்பார். ஜாக்கெட்டுக்குள் அக்குளை மூடும் உள்சட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்.

"புழுக்கமா இருக்குக்கா" என்று இழுத்தால், "குத்து வாங்கினா குளுகுளுன்னு இருக்குமா?" என்பார்.

கணவரோடு சேர்ந்து அவரும் வாள் பிடிக்கக் கற்றவர்தான். ஆனால் எதிராளி பாய்ந்து வந்தால் மாஸ்க்குக்குள் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதனால் போட்டியில் இறங்கியதே இல்லை.

கணவர் வண்ணமீன் கடை வைத்திருந்தார். வயிற்றைக் குறைக்கக் கிளப்பில் சேர்ந்தார். பயிற்சி முடிந்து எடுத்த பசியில் வயிறு வேறு முடிவு எடுத்துவிட்டது.

வேறொரு கிளப்போடு எங்களுக்குப் போட்டி வந்தது. ஆளுக்கொரு வெற்றி என்று சமமாக நின்றோம். மிச்சம் ஒரே ஆட்டம். எங்கள் பக்கம் மீன்கடைக்காரர், அந்தப் பக்கம் ஒரு பேக்கரிக்காரர். யார் முதலில் ஐந்து பாயிண்ட் எடுக்கிறாரோ அவர் கிளப்புக்குத்தான் கோப்பை.

"குத்தப்போற மாதிரி நில்லுங்க" என்றார் அக்கா.

கணவர் முழங்காலை மடக்கி, கையை நீட்டினார். ஜாக்கெட் மேலே ஏறியது. பேண்ட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு வயிறு எட்டிப் பார்த்தது.

"ஆட முடியாது."

"மூச்சை இழுத்துப் பிடிச்சா மூடிக்குது, பாரு."

"அப்போ ஆட்டம் முடியிற வரைக்கும் மூச்சு விடாம இருங்க."

பேக்கரிக்காரரே பரிந்து பேசினார். "விடுங்க மேடம், நான் அந்தப் பக்கமே குத்த மாட்டேன்."

"நீங்க குத்த மாட்டீங்க சார். ஒடிஞ்ச வாளுக்கு அது தெரியுமா?"

கணவர் அளவுக்கு எங்கள் யாரிடமும் ஜாக்கெட் இல்லை. அதே பருமனான பேக்கரிக்காரரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் அவர் உடம்பில். கணவர் கடுப்பில், "அப்போ நீயே ஆடு" என்றார். சொன்ன பிறகுதான் அதில் ஒரு வழி இருப்பது எங்களுக்கு உறைத்தது. அக்காவின் உடுப்பு பையில் தயாராக இருந்தது.

உள்சட்டை, மார்புக்கவசம், ஜாக்கெட், கையுறை என்று ஒன்று விடாமல் மாட்டிக்கொண்டு வந்தார். முதல் மூன்று பாயிண்ட்டையும் கண்ணை மூடியே கொடுத்தார். நாலாவது முறை பேக்கரிக்காரர் கால் இடறித் தடுமாற, அந்தச் சத்தத்தில் அக்கா கண்ணைத் திறந்தார். திறந்த கண் அப்புறம் மூடவில்லை. மூன்று குத்து அடுத்தடுத்து விழுந்தது. பிறகு ஆளுக்கொன்று. நாலுக்கு நாலு.

இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பேக்கரிக்காரரின் வாள் அக்காவின் விலாவில் பட்டு வளைந்து படாரென்று ஒடிந்தது. முனை எங்கோ பறந்தது. கையில் இருந்த மிச்சம், வந்த வேகத்திலேயே அக்குளுக்குக் கீழே இறங்கியது. அக்கா "அம்மா!" என்று உட்கார்ந்துவிட்டார்.

கணவர் ஓடிவந்தார். ஜாக்கெட் கிழிந்திருந்தது. உள்சட்டையில் ஒரு கீறல் மட்டும். உடம்பில் ரத்தம் இல்லை, கன்றிப்போன சிவப்புதான். பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் பாயிண்ட் செல்லாது, திரும்ப ஆடலாம் என்றார் நடுவர். அக்கா எழுந்து நின்று கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இந்த ஜாக்கெட்டோட ஆட விடமாட்டேன்."

"யாரை?"

"என்னைத்தான்."

வேறு ஜாக்கெட் தருகிறோம் என்றோம். ஒன்று தொளதொளத்தது, இன்னொன்றில் ஜிப் நிற்கவில்லை. இரண்டையும் தள்ளிவிட்டார். கோப்பை அவர்களோடு போனது.

வீட்டில் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கணவர் மெதுவாகச் சொன்னார்: "நான் ஆடியிருந்தா அது நேரா வயித்துல ஏறியிருக்கும்."

"வயித்துல எங்க ஏறும்? பாதி வழியிலயே களைச்சுப் போயிருக்கும்."

சிரித்ததில் விலா வலித்து, அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் கிடைச்சிருந்தா அந்த ஆளை ஜெயிச்சிருப்பேங்க" என்றார். அக்காவின் குரலில் அப்படி ஒரு ஆசையைக் கணவர் கேட்டதே இல்லையாம்.

அந்த வாரமே இரண்டு பேரும் போய்ப் புது ஜாக்கெட் வாங்கினார்கள். கடைக்கு நடுவில் முழங்காலை மடக்கி, கையை நீட்டி, மாறி மாறிக் குத்திக்காட்டி அளவு பார்த்தார்களாம். மற்ற வாடிக்கையாளர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்தார்களாம்.