ஜில்லென்று இருக்கக் கூடாத சாக்லேட்

ஷூ கம்பெனியில் டீ நேரம். கட்டிங் பிரிவுக் குமார் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், பஜார்ல ஃபாரின் சாமான் கடை வெச்சிருந்தாரே நஸீர் பாய், காலையில போய்ட்டாராம்." நான் "அடடா" என்றேன். ஆனால் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல, நிம்மதி. ஆம்பூரில் என்னைப் பற்றி அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அவரோடு போய்விட்டது என்ற நிம்மதி. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களில் சிலருக்கும் அன்று அதே நிம்மதி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சவுதியிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒருவன் வந்து இறங்கினால், அவன் குளித்துவிட்டு வருவதற்குள் தெருவில் வீட்டுக்கு வீடு சாக்லேட் போயாக வேண்டும். போகவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் கதை கட்டிவிடுவார்கள். சவுதியில் நான் வேலைக்குப் போன கம்பெனியை ஆறு மாதத்தில் மூடிவிட்டார்கள். டிக்கெட் கிடைத்ததே பெரிய விஷயம் என்று வெறும் பையோடு வந்தேன். அம்மாவோ மகன் வருகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ரயிலை விட்டு இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நஸீர் பாய் கடைக்குப் போனேன்.

பையில் தொங்கிய விமான லக்கேஜ் சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தெருவுல எத்தினி வீடு தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஆம்பூர் வெயிலுக்குச் சாக்லேட்டை எல்லாம் ஃபிரிட்ஜில்தான் வைத்திருப்பார். வேர்க்கடலையும் கேரமலும் வைத்த அந்தப் பிரபலமான பாரை அள்ளி மேஜைமேல் போட்டு, சீட்டுக்கட்டு பிரிப்பது போலப் பிரித்தார். "இதுல பச்சைப் புள்ளி கீது பாரு, நம்ம நாட்டுல செஞ்சது. இது வேணாம். சவுதில விக்கறது எகிப்துல செய்யறான். அரபு எழுத்து இருக்கும். அதை எடுத்துக்கோ." நான் ஒரே வகையாக எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா கடையில வாங்குனதுன்னு தெரிஞ்சிடும். அங்கேர்ந்து வர்றவன் கலந்து கட்டித்தான் கொண்டாருவான்." கடலை போட்டது, பாதாம் போட்டது, வெள்ளை, கறுப்பு, பிள்ளைகளுக்குக் குட்டிக் குட்டியாகப் பாக்கெட்டில் வருவது என்று அவரே பொறுக்கினார். பல் போன கிழவிகளுக்கு என்று கடலை இல்லாத வேறொன்றையும் சேர்த்தார்.

ஒவ்வொன்றின் முதுகிலும் இறக்குமதி செய்தவர் ஒட்டிய ரூபாய் விலைச் சீட்டு இருந்தது. கட்டை விரல் நகத்தால் பொறுமையாகச் சுரண்ட ஆரம்பித்தார். சவுதிக்கு முன்பு ஷூ கம்பெனியில் பசை துடைத்த புத்தி சும்மா இருக்குமா? "தின்னர் போட்டுத் துடைச்சா உடனே வந்துடும் பாய்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "தின்னர் வாசனை வந்தா ஆம்பூர் சாக்லேட்னு அதுவே சொல்லிடும்யா."

பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "உக்காரு" என்றார். "மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல வந்தவன் சாக்லேட் ஜில்லுனு இருக்குமா? சூடாவட்டும். கொஞ்சம் இளகுனாத்தான் சவுதி."

சாக்லேட் சூடாகும்வரை அந்தக் கடையில் அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது உள்ளே வந்தால் "ஸ்டாக் பார்க்க வந்தவரு" என்றார். எனக்கு அழுகை முட்டியது. அதைப் பார்த்தோ என்னவோ, சாக்லேட் கதை சொல்ல ஆரம்பித்தார். "இது பொறந்தது அமெரிக்கா. பேரு இன்னான்னு நெனச்ச? அந்த மொதலாளி வீட்டுக் குதிரை பேரு. குதிரை செத்துப் போச்சாம், பேரை இதுக்கு வெச்சுட்டாங்க. இங்கிலீஷ்காரன் ரொம்ப நாளு வேற பேருல வித்தான்." பிறகு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "சாக்லேட் எங்கேர்ந்து வருதுன்னு முதுகுல எழுதிக்கீது. அதுக்கு வெக்கம் இல்ல. நீ மட்டும் ஏன் பேஜாராவற?"

அன்று தெருவில் என் மானம் தப்பியது. பின்னாளில் எனக்கு மறுபடி இங்கேயே ஷூ கம்பெனியில் வேலை கிடைத்து, சூப்பர்வைசராகவும் ஆகிவிட்டேன்.

ஒரு பொங்கலுக்கு அம்மா வாசனை சோப்பு கேட்டாள் என்று அவர் கடைக்கு அழைத்துப் போனேன். பாய் என்னை முன்பின் பார்க்காதவர் போல "வாங்க, இன்னா வேணும்?" என்றார். அம்மா ஃபிரிட்ஜை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க சாக்லேட்டெல்லாம் டூப்பாமே பாய்? என் புள்ள சவுதிலேர்ந்து கொண்டாந்தான் பாருங்க, அதான் ஒரிஜினல்" என்றாள். பாய் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஆமாம்மா, அங்க வாங்கறது வேற, இங்க விக்கறது வேற" என்றார். நான் அம்மாவோடு சேர்ந்து சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

ஊர் அவருக்கு 'டூப்ளிகேட் பாய்' என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை வைத்தது யார்? அவர் கடையில் வாங்கி, சவுதிச் சாக்லேட் என்று பங்கு போட்ட எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான். எங்கள் வீட்டுச் சாக்லேட் அசலாக வேண்டுமென்றால் அவருடையது போலியாக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அவருக்காக ஓதும் ஜியாரத்துக்குப் போயிருந்தேன். பந்தலில் நிறையப் பேர். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் ஃபைசல் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். ஸ்கூல் படிக்கும்போது பசங்க என்னை டூப்ளிகேட் பையன்னுதான் கூப்பிடுவாங்க. அப்பாகிட்ட கேட்டா சிரிப்பாரு. நிஜமாவே அப்பா டூப்ளிகேட்தான் வித்தாரா?"

ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் போனை எடுத்தார். நான் பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்ல மனுசன்பா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவன் கேட்டது அது இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் பையோடு வந்ததை அவள் பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூஞ்சிக்கு நேரா சொன்னேனேடா அந்த மனுசனை. பக்கத்துலதானே நின்ன நீ?" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுந்திரு, கூட்டிட்டுப் போ" என்றாள்.

ஃபைசல் கடையைக் காலி செய்துகொண்டிருந்தான். அம்மா படியேறி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா கடைச் சாக்லேட்டை நான் தின்னிருக்கேன்பா. எங்க தெருவே தின்னுச்சு. எல்லாம் ஒரிஜினல். டூப்பு இதோ நிக்கறான் பாரு, இவன்தான்" என்று என்னைக் காட்டினாள். மீதியை நான் சொன்னேன். அந்தப் பையன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

புறப்படும்போது ஃபிரிட்ஜைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு பாரை என்னிடம் கொடுத்தான். அரபு எழுத்து, முதுகில் விலைச் சீட்டு. நஸீர் பாயின் பொருளென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். பாயைப் போலவே என் கட்டை விரலும் அந்தச் சீட்டின் ஓரத்துக்குப் போனது. சுரண்டாமல் விரலை எடுத்துவிட்டேன். சூடாகட்டும் என்று உட்காரவும் இல்லை. பஜார் வழியாக, எல்லோரும் பார்க்க, ஜில்லென்றே கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.