ஊறுகாய் பாட்டிலில் வந்த மண்

“…நல்ல மண்ணா கெட்ட மண்ணான்னு நான் கேக்கலைங்க. எங்கேருந்து எடுத்தாந்தீங்கன்னுதான் கேக்கறேன்” என்றாள் அம்மா. அப்பா அப்போதுதான் ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்து, அதிலிருந்த மண்ணைக் குழிக்குள் கொட்டி முடித்திருந்தார். காலிப் பாட்டிலை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பிரார்த்தனையில் கண்ணை மூடியிருந்தார்கள். அதனால் அம்மா கேட்டது காதில் விழாத மாதிரி இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அது எந்த இடம் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி டவுனைத் தாண்டிப் போய் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரித் தோப்புக்குள் நடந்தால் ஒரு செம்மண் மேடு வரும். அங்கே கொஞ்சம் பேர் ஒரே குடும்பமாக இருந்து விவசாயம் பார்த்தார்கள். வெறும் விவசாயம் என்றால் அவர்களுக்கு மனசு சங்கடப்படும். பூமிதான் அவர்களுக்குச் சாமி. களை பிடுங்குவதும் நாற்று நடுவதும் பூசை. மண்வெட்டி போடும் முன்னால் குனிந்து மண்ணைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தை ஏதாவது ஒரு செடியின் வேரில் வைத்துவிட்டு வர வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை.

அப்பாவுக்கும் மண்ணுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அவர் பஞ்சாலையில் இருந்தவர். ஆலையை மூடிய பிறகு உழவர்கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். அம்மாதான் பாகூர்ப் பக்கம் நெல் வயலில் கால் வைத்து வளர்ந்தவள். அதனால்தானோ என்னவோ, மண்ணைக் கும்பிடுகிற கதையெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. “மம்பட்டி போடறதுக்கு முன்ன மன்னிப்பு கேக்கணுமாமா? எங்கப்பாரு ஆயுசுக்கும் வெட்டினாரு. ஒரு நாளும் கேட்டதில்ல. மண்ணும் கோச்சிக்கினு போயிடல” என்பாள்.

அப்பாவுக்கு இந்த ஆசை வந்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் தம்பியைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். குறைமாசம். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரவே இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் அங்கிருந்தே துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. பெண்கள் அந்த இடத்துக்குப் போவதும் இல்லை. அம்மா அப்போது வார்டில் படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு எந்த இடத்தில் என்று கேட்டிருக்கிறாள். அதையெல்லாம் பெத்தவ கேக்கக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பெரியப்பா ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

பக்கத்து வீட்டு அத்தை தினமும் மல்லிகைப் பூ வாங்கி வந்து அம்மாவின் மாரில் வைத்துக் கட்டுவாள். பால் வற்றுவதற்கு அப்படிச் செய்வது வழக்கம். பூவைத் தலையில் வைக்காமல் ரவிக்கைக்குள் வைக்கிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கும் வை என்று கேட்டேன். அத்தை என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

அப்பா தூங்குவதை விட்டுவிட்டார். கூட வேலை செய்த ஒருவர்தான் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போனார். முழங்கால் வரைக்கும் சிவப்பாகத் திரும்பி வந்தவர், காலைக்கூடக் கழுவாமல் பாயில் சாய்ந்து மறுநாள் மத்தியானம் வரை தூங்கினார். பிறகு லீவு கிடைத்தால் அங்கேதான். கடைசியில் ஒரு நாள், நாம எல்லாரும் அங்கேயே போயிடலாம் என்றார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “அங்க இருந்தா நெஞ்சை அடைக்கல, புள்ள.”

அந்த மேட்டில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் ஓர் அம்மாள்தான் பெரியவர். ஒரு காலத்தில் டவுனில் பிரெஞ்சு டீச்சராக இருந்தவராம். அம்மாவைப் பார்க்க எங்கள் முதலியார்பேட்டை வீட்டுக்கே வந்து, நாற்காலியை வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார். பாப்பாவுக்குப் படிப்பு உண்டா என்று என்னைக் காட்டி அம்மா கேட்டாள். மண்ணே பள்ளிக்கூடம்தான் என்றார் அக்கா. “அப்ப பரிச்சை யாரு வெப்பாங்க?” என்றாள் அம்மா. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, சேர்வதற்கான முறையைச் சொன்னார். தங்கள் வேர் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர வேண்டும். பொதுக் குழியில் அதைக் கொட்டி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையால் தள்ளி மூட வேண்டும். அதன் மேல் ஒரு மரக்கன்று வைப்பார்கள். வீட்டில் ஒருத்தருக்கு மனசில்லை என்றாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவுக்கு மனசில்லை. அன்று சாயங்காலமே பாகூர் மாமாவுக்கு போன் செய்தாள். “அவரு போறதுன்னா போவட்டும். நான் பாப்பாவை இட்டுக்கினு வந்துடறேன்” என்றாள். போனை வைத்த பிறகு, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று என்னைப் பார்த்தாள்.

சேரும் நாளன்று அம்மா ஒரு பையில் எனக்கும் அவளுக்கும் துணி எடுத்து வைத்திருந்தாள். அவ்வளவு தூரம் வந்து, அக்காவின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்படியே மாமா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவது அவள் திட்டம். அங்கே தங்கத்தான் துணி என்று அப்பா நம்பிக்கொண்டு, அந்தப் பையை வாங்கித் தானே தூக்கி வந்தார். நான் நடுவில் நடந்தேன், இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு. கையை விடாவிட்டால் யாரும் எங்கேயும் போக முடியாது என்பது என் கணக்கு. முந்திரித் தோப்பில் ஒற்றையடிப் பாதை வந்ததும் கையை விட வேண்டியதாகிவிட்டது.

குழி பக்கத்தில் எங்களுக்கு முன்னால் இன்னும் சிலர் நின்றார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு ஜோடி, பூர்வீக வீட்டு மண்ணைப் பித்தளைச் சொம்பில், மேலே பட்டுத்துணி கட்டிக் கொண்டுவந்திருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பையன் மாடித் தொட்டியிலிருந்து அள்ளி வந்திருந்தான். அதில் தேங்காய் நார்தான் அதிகம். எல்லாவற்றையும் அக்கா ஒரே மாதிரி வணங்கித்தான் வாங்கினார். கடைசியாக அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு மடியிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

எங்கள் வீட்டில் மண் ஏது? வாசல் சிமெண்டு, பின்பக்கம் சிமெண்டு, துளசிகூடப் பழைய பெயிண்ட் டப்பாவில். எங்காவது ரோட்டோரம் அள்ளியிருப்பார் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். ஆனால் குழியில் விழுந்தது சாம்பல் நிற மணல். அந்தச் சிவப்புக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது. அதில் காய்ந்துபோன சாமந்தி இதழ்கள் இரண்டொன்று. அதைப் பார்த்துத்தான் அம்மா கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல வந்தவள், அதை விட்டுவிட்டு இதைக் கேட்டாள்.

அக்கா கண்ணைத் திறந்து, எந்த மண்ணாக இருந்தாலும் தாய் ஏற்றுக்கொள்வாள் என்று மெதுவாகச் சொன்னார். நீங்க சும்மா இருங்கம்மா என்று அம்மா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

அப்பா பாட்டிலைத் துடைப்பதை நிறுத்தினார்.

“நம்ம புள்ள கெடக்கறானே, அங்கேருந்து” என்றார். “இந்த ஊர்ல நமக்குன்னு வேற எங்க மண்ணு இருக்குது, சொல்லு.”

அம்மா கத்திவிட்டுக் கிளம்பப் போகிறாள் என்று நான் பையைத்தான் பார்த்தேன். அவள் கத்தவில்லை. குழியோரம் மண்டியிட்டு உட்கார்ந்து, சாம்பல் மணலை விரலால் தனியாக ஒதுக்கப் பார்த்தாள். முடியவில்லை. சொம்பு மண்ணும் தொட்டி மண்ணும் ஏற்கெனவே அதில் கலந்துவிட்டன. ஒதுக்க ஒதுக்க இன்னும் கலந்தது. ஒருவர் மண்வெட்டியோடு பக்கத்தில் வந்தார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, உள்ளங்கையாலேயே செம்மண்ணை இழுத்து இழுத்து அந்தக் குழியை அவளே மூடினாள். கன்றை வாங்கிக்கொள்ளவில்லை.

பாருங்கள், மண் கூப்பிட்டுவிட்டது என்று அக்கா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு அவர்களுடைய பாட்டை ஆரம்பித்தார்கள். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா கையால் மூடிவிட்டாள். இனி பாகூர் கிடையாது, நாங்கள் மூன்று பேரும் ஒரே இடம். அப்பாதான், வேண்டியது கிடைத்த பிறகும், பாட்டுக்கு வாயசைக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பாட்டு முடிந்ததும் அம்மா செய்ததை, வெயிலில் நடந்து வந்த அசதி என்றுதான் நான் நினைத்தேன்: முந்தானையைத் தரையில் விரித்து, அந்த ஈர மண்ணின் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, அதன் பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.