குழு அறையில் ஒரு வெளிநடப்பு

1999 ஆடி மாதத்து என் டைரியில் இப்படி இருக்கிறது: “குழு அறிக்கை வந்துவிட்டது. ‘வந்திருந்த உறுப்பினர்கள் ஒருமனதாக’ என்று போட்டிருக்கிறார்கள்.” ‘வந்திருந்த’ என்பதன் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் குடியிருந்த சட்டமன்ற உறுப்பினர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அக்கா அங்கேயேதான் இருந்தார். ஊர்த் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊரைச் சேர்க்கச் சொல்லிப் போட்ட மனுவில் முதல் கைநாட்டு அக்காவுடையது. அந்த மனு சட்டமன்றக் குழுவிடம் போனபோது தம்பியே அதில் உறுப்பினர். ஊருக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

அதிகாரிகள் சாத்தியமில்லை என்றதும் குழுத் தலைவர் மனுவை முடித்துவிடப் பார்த்தார். மனுக் கொடுத்தவர்களை அழைத்து விசாரிக்கும்படி கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு என்று இவர் விதிப்புத்தகத்தைக் காட்டி வாதாடினார். அது தலைவர் விருப்பம் என்று பதில் வந்தது. இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் மனுவை முடித்துவிட்டார்கள்.

சட்டமன்றத்தில் அதுதான் பழக்கம். வெளிநடப்பு செய்தால் அவைக்குறிப்பில் ஏறும், மறுநாள் பேப்பரில் வரும், தொகுதியில் சுவரொட்டி ஒட்டுவார்கள். குழு அறையில் பத்திரிகைக்காரர்கள் கிடையாது. எழுந்து போனவர் இல்லாதவர், அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலேயே “எனக்குச் சம்மதமில்லை” என்று சொல்லியிருந்தால் தோற்றிருப்பார். ஆனால் ‘ஒருமனதாக’ என்று எழுதியிருக்க முடியாது. ஒருமனதாக முடிந்த மனுவை மறுபடி எடுப்பதில்லை என்று பிறகு சொல்லிவிட்டார்கள்.

அக்காவிடம் சொல்லப் போனபோது என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். அக்கா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ள என்னலே நடந்துச்சு?”

“வெளிநடப்பு பண்ணிட்டேன்க்கா.”

“அப்படின்னா?”

“கோவத்துல எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.”

“பந்தியில கோவிச்சா எந்திரிச்சு வரலாம். தண்ணி கேட்டுப் போன எடத்துல எந்திரிச்சு வருவாகளாலே?” என்னிடம் திரும்பினார். “அண்ணாச்சி, நீங்க படிச்சவிய, சொல்லுங்க. இவன் வந்த பொறவு எங்களுக்குன்னு உள்ள யாரு இருந்தா?”

யாரும் இல்லை என்றேன்.

“நான் எந்திரிச்சப்ப தலைவரு, ‘உங்க எதிர்ப்பு பதிவாகும்’னு சொன்னாருக்கா,” என்றார் தம்பி. “அத நம்பித்தான் வந்தேன்.”

“சொன்னாருன்னா சரி,” என்று அக்கா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தம்பியிடம் பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை.

2003 கோடையில் அக்கா இறந்தார். குளிப்பாட்டுவதற்கு உறுப்பினர் கோவில்பட்டியிலிருந்து குடங்களில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். அப்போது அவர் பதவியில் இல்லை. ஒரு சொட்டு சிந்தாமல் குடங்களை அவரே இறக்கினார். பெண்கள் அதை ஊற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தத் தலைவரு சொன்னாரு அண்ணாச்சி, நிசமாச் சொன்னாரு” என்றார்.

அன்று குழுவில் இருந்த இரண்டு பேரைப் பிற்பாடு தேடிப்போய்க் கேட்டேன். ஒருவருக்கு நினைவில்லை. மற்றவர் பேச்சை மாற்றிவிட்டார். தலைவர் காலமாகிவிட்டார். அந்த வார்த்தை சொல்லப்பட்டதா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.